டீச்சர் திருப்பிக் கொடுத்த மூவ்

ஐந்தாவது மூவில் குதிரையைச் சும்மா கொடுத்துவிட வேண்டும். யாரும் பிடுங்கவில்லை, நாமாகவே கொடுக்க வேண்டும். பதிலுக்கு எதிராளியின் ராஜாவுக்கு முன்னால் இருந்த வேலி பிய்ந்து கிடக்கும், நம் காய்கள் ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும். அந்த வேகத்திலேயே அடித்து முடித்தால் முடித்தது. ஒரு மூவ் அசந்தாலும் நம் கதை கந்தல். செஸ் ஆட்டத்தை இப்படி ஆரம்பிக்கிற இந்த ஓப்பனிங்குக்குப் புத்தகத்தில் ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருக்கிறது. திண்டுக்கல்லில் நாங்கள் நாலு பேர் அதற்கு வைத்த பெயர் குதிரைதானம்.

இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இந்த ஒரே ஓப்பனிங்கை உட்கார்ந்து படித்தோம். வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்போம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒருநாள் கேட்டாள், "குதிரையைக் குடுக்கத்தான் போறீங்கன்னு தெரியுதுல்ல? அதுக்கு எதுக்கு வாராவாரம் போயி உக்காரணும்?" "ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது, எனக்குத்தான் வாய் அடங்காது.

இடம் என்னுடைய அச்சகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் வெட்டும் பெரிய மேஜையைத் துடைத்தால் அதில் இரண்டு போர்டு விரிக்கலாம். ஓரம் வெட்டிய துண்டு அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வழியை எழுதுவோம். கருப்பு இப்படிப் போனால் வெள்ளை இப்படி, அப்படிப் போனால் அப்படி. அட்டையின் ஒரு பக்கத்தில் பாதிப் பிள்ளையார் இருப்பார், மறுபக்கத்தில் யானை எந்தக் கட்டத்துக்கு வர வேண்டும் என்ற விவரம் இருக்கும்.

முதலில் வருகிறவர் சின்னாளபட்டி அண்ணன். சேலை நெய்கிறவர். தறியில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் ஆட்டம் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். நாற்பது மூவ் வரைக்கும் போர்டு இல்லாமல் சொல்லுவார். மற்றபடி வாயைத் திறந்து பேசவைக்க நாம்தான் கெஞ்ச வேண்டும்.

அடுத்தது ஒட்டன்சத்திரத்துத் தம்பி. மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்குக் காய்கறி ஏற்றிவிடுகிற வேலை. வரும்போது ஒரு பை கொண்டுவருவான். ஒரு வாரம் முருங்கைக்காய், ஒரு வாரம் கோணல் கேரட். நாலு பேருக்கும் பங்கு உண்டு. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. காயைத் தொடுவதற்கு முன்னால்கூட, "ஏனுங்க, இந்த மந்திரியைக் கொஞ்சம் நகத்திக்கட்டுங்களா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு நம் ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

கடைசியாக, பத்தரை மணிக்கு, சர்ச்சில் பூசை முடிந்து டீச்சர் வருவார். டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். தூக்குவாளியில் அவித்த கடலை இருக்கும். உள்ளே நுழையும்போதே, "யாரு யாரை இன்னைக்கு அறுக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் குனிந்து வருவார்.

எங்கள் படிப்பில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. நாலு பேரில் மூன்று பேருக்கு வெள்ளைதான் வேண்டும். கொடுப்பதும் பாய்வதும் அடிப்பதும் வெள்ளைக்காரன் வேலை. கருப்புக்கு அடி வாங்குவது மட்டும்தான். முதல் மாதத்தில் இதை வைத்தே சண்டை. "போன வாரம் நான் கருப்பு ஆடினேன், இந்த வாரம் நீங்க ஆடுங்க" என்று நான் சின்னாளபட்டி அண்ணனிடம் கத்த, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, ஒரே அசிங்கம். டீச்சர் கடலையை உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கிறதுக்கு மூணு பேரு இருக்கீங்க, வாங்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல. நான் கருப்பு எடுத்துக்கிறேன்" என்றார்.

"எப்பவுமா, டீச்சர்?"

"எப்பவும்தான். முப்பது வருசமா கிளாஸ்ல நான் பாக்காத கூத்தா?"

அன்றிலிருந்து டீச்சர்தான் கருப்பு. இரண்டு வருடம். நாங்கள் மூவரும் மாறி மாறி எதிரே உட்கார்ந்து அடித்தோம், அவர் வாங்கினார். சும்மா சொல்லக் கூடாது, நாங்கள் ரொம்ப நன்றாகவே அடித்தோம். அடித்துவிட்டு நான் கொஞ்சம் ஓவராக ஆடுவேன் என்பதும் உண்மைதான். டீச்சர் காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, "சரி தம்பி, எந்த இடத்துல நான் விட்டேன்?" என்பார். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஓர் அட்டையில் எழுதுவோம். அடுத்த வாரம் அந்த இடத்தில் விட மாட்டார். வேறு ஓர் இடத்தில் விடுவார்.

ஒருநாள் சின்னாளபட்டி அண்ணன் போனை எடுத்துக் காட்டினார். போனில் இருக்கும் செஸ் இஞ்சின் இந்த ஓப்பனிங்கைப் பார்த்தாலே கருப்புதான் மேலே என்கிறது, குதிரை போனது போனதுதான் என்கிறது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "போனுக்குக் கை நடுங்குமாண்ணே? வேர்க்குமா? எதிர ஒருத்தன் முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அதுக்குத் தொண்டை வத்துமா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து மேஜைக்கு வந்தால் போன்கள் எல்லாம் ஒரு காலிப் பத்திரிகைப் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்று சட்டம் போட்டேன். சட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன்.

இன்னொரு சட்டமும் போட்டேன். அதைச் சொல்லியாக வேண்டும்.

மதுரையில் ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது சின்னாளபட்டி அண்ணனுக்கும் ஒட்டன்சத்திரத்துத் தம்பிக்கும் எதிரெதிராக ஆட ஜோடி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஏழே மூவில் டிரா என்று கை குலுக்கிவிட்டு ஜிகர்தண்டா குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். ஆளுக்கு அரைப் புள்ளி, யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. பஸ்ஸில் திண்டுக்கல் வருகிற வரைக்கும் குதித்தேன். அடுத்த ஞாயிறு மேஜையில் கையால் தட்டிச் சொன்னேன். "நமக்குள்ள ஜோடி விழுந்தா முழு ஆட்டம் ஆடணும். விட்டுக் குடுக்கிற ஆளு அப்புறம் இந்த ஷட்டரைத் தாண்டி உள்ள வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் எதுக்குத் தம்பி? சொன்னாப் போதும்" என்றார் டீச்சர். மற்ற இரண்டு பேரும் எனக்குப் பயந்து சத்தியம் செய்தார்கள். நானும் செய்தேன்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு. டீச்சர் கடலையை மேஜையில் கொட்டிவிட்டு, பள்ளிக்கூட வருடம் முடிந்ததும் ஓய்வு என்றும், அதற்குப் பிறகு பெங்களூரில் மகளோடு இருக்கப் போவதாகவும் சொன்னார். வீட்டைக் காலி செய்கிற ஏற்பாடெல்லாம் ஆரம்பித்துவிட்டதாம். ஒட்டன்சத்திரத்துத் தம்பிதான், "அப்ப கருப்பு யாருங்க ஆடுறது?" என்று கேட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை இருக்கு. சிரிக்கக் கூடாது" என்றார் டீச்சர்.

ஆசை இதுதான். ஆட்டக்காரர்களின் பலத்துக்கு எண் போடுகிற சர்வதேச ரேட்டிங் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளில், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களோடு ஆடி, போதுமான புள்ளி எடுத்தால் பெயர் ஏறும். எங்கள் மூவருடைய பெயரும் அதில் எங்கோ அடியில் இருந்தது. டீச்சர் இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் மயிரிழையில் தவறிவிட்டார்.

"முப்பது வருசம் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். பிள்ளைக உள்ள ஆடும். நான் வராந்தாவுல உக்காந்து பையும் தண்ணி பாட்டிலும் பாத்துக்கிட்டு இருப்பேன். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ரேட்டிங்னு எனக்கு மனப்பாடம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த லிஸ்ட்ல என் பேரைப் பாத்துடணும். அம்புட்டுத்தான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னாளபட்டி அண்ணன் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார். அவர் தன் செலவில் எங்களுக்கு டீ வாங்கியது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

போட்டி நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சனி, ஞாயிறு, ஆறு சுற்று, ஆளுக்கு ஒரு மணி நேரம். போன வாரம் யாருக்கோ கட்டிய தோரணம் அப்படியே தொங்கியது. மண்டபம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். வெளியே அவர்களுடைய அம்மாக்கள், பைகள், தண்ணீர் பாட்டில்கள். டீச்சர் அந்த வராந்தாவைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஐந்து சுற்று முடிந்தபோது டீச்சர் நன்றாகவே ஆடியிருந்தார். சின்னாளபட்டி அண்ணன் ஒரு துண்டு அட்டையில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "கடைசி சுத்துல டீச்சருக்கு ஒரு அரை போதும். டிரா பண்ணாக்கூட பேரு வந்துரும். தோத்தா இந்தத் தடவையும் போச்சு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே ஆச்சரியம்.

ஜோடிப் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டத்தில் எட்டிப் பார்த்த ஒட்டன்சத்திரத்துத் தம்பி என் பக்கம் திரும்பினான். முகம் செத்துப் போயிருந்தது. டீச்சருக்கு ஜோடி நான். எனக்கு வெள்ளை. அவருக்குக் கருப்பு.

"அண்ணா, பாத்து ஆடுங்க" என்றான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

மேஜைக்குப் போகிற அந்தப் பத்தடி தூரத்தில் நான் முடிவு பண்ணிவிட்டேன். எனக்கு இந்த ஆட்டத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பரிசுக்குக் கிட்டேகூட நான் இல்லை. தோற்றால் ரேட்டிங்கில் கொஞ்சம் குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். டிரா கேட்டால் டீச்சர் மதிக்க மாட்டார், என் சட்டத்தை எனக்கே படித்துக் காட்டுவார். ஆகவே வழக்கம்போல் குதிரைதானம் ஆடுவது, அடிக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மூவை வீணாக்குவது. இந்த ஓப்பனிங்கில் ஒரு மூவ் போனால் எல்லாம் போச்சு. மிச்சத்தை அவரே ஜெயித்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் என் அடியை வாங்கியவருக்கு நான் கொடுக்கிற பிரிவுபசாரம்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேனே, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்தேனா?

ஆட்டம் ஆரம்பித்தது. சிப்பாயைக் கொடுத்தேன், எடுத்தார். குதிரையைக் கொடுத்தேன், எடுத்தார். பத்து மூவ் வரைக்கும் இருவரும் யோசிக்கவே இல்லை. எங்கள் மேஜையில் நூறு தடவை ஆடிய அதே வழி. பதினோராவது மூவில் வெள்ளை மூலையிலிருக்கும் யானையை நடுவரிசைக்குக் கொண்டுவந்து, கருப்பு ராஜாவுக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டும். அந்த ஓப்பனிங்கின் உயிரே அந்த யானைதான்.

நான் இடது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். எதற்கும் உதவாத மூவ். முகத்தை ரொம்ப யோசிக்கிறவன் மாதிரி வைத்துக்கொண்டேன்.

டீச்சர் போர்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தோரணத்தைப் பார்த்தேன். என் மூச்சு எப்படிப் போகும் என்றுகூட அவருக்குத் தெரியும். அடிக்கப் போகும்போது நான் மூச்சை இழுத்துப் பிடிப்பேன் என்று அவர்தான் ஒருநாள் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். இப்போது நான் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்துவிட்டது. கையை நீட்டினார். ஜெயிக்கிற மூவ் இரண்டு மூன்று அவருக்கு இருந்தன, இரண்டு பேருக்குமே அது தெரியும். அவர் அவற்றை விட்டுவிட்டு, என் சிப்பாய்க்கு நேர் எதிரே இருந்த தன் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். கடிகாரத்தை அழுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் காது இரண்டும் சுட்டது. நான் வீணாக்கிய மூவை அவரும் வீணாக்கிவிட்டார். ஓரத்துச் சிப்பாய்கள் இரண்டும் ஒரு கட்டம் முன்னால் நின்றன. மற்றபடி நிலைமை அப்படியே இருந்தது, ஆட வேண்டியது வெள்ளை. நான் போட்ட பிச்சையை மேஜை மேல் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தப் பட்டியலையும், முப்பது வருட வராந்தாவையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். பேசினால் நடுவர் கண்டிப்பார் என்பதால் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன மனுஷன் நான்! மேஜையைத் தட்டிச் சத்தியம் வாங்கிய வாய் இதுதானே. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓட முடியாது. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒழுங்காக ஆடு. மூச்சை இழுத்துப் பிடித்தேன். யானையை நடுவரிசைக்குக் கொண்டுவந்து வைத்தேன். டீச்சர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு முன்னால் குனிந்தார்.

அதன் பிறகு நடந்த மாதிரி ஒரு ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை. எனக்குத் தெரிந்த அத்தனையையும் போட்டேன். குதிரையை நடுவில் குதிக்கவிட்டேன், மந்திரியைக் குறுக்கே நிறுத்தினேன். அவருடைய ராஜா இடம் விட்டு இடம் ஓடியது. ஒவ்வொரு அடிக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. இந்த இடத்தில் விடுவார் என்று நினைத்த இடத்தில் எல்லாம் அவர் விடவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவர் விட்ட இடங்களை எல்லாம் அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்தது நாங்கள்தானே. சின்னாளபட்டி அண்ணனும் ஒட்டன்சத்திரத்துத் தம்பியும் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். அவர்கள் நிற்பது எனக்கு வெகுநேரம் தெரியவில்லை.

கடைசியில் ஓர் இடம் வந்தது. என் ராணியால் அவர் ராஜாவுக்கு இந்தக் கட்டத்திலிருந்து ஒரு செக், அந்தக் கட்டத்திலிருந்து ஒரு செக் என்று முடிவில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அவர் தப்ப முடியாது, நானும் பிடிக்க முடியாது. சட்டப்படி டிரா. அவருக்கு வேண்டிய அரைப் புள்ளி அதில் இருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. செக்கை நிறுத்திவிட்டு, சும்மா நின்றுகொண்டிருந்த என் இரண்டாவது யானையையும் உள்ளே கொண்டுவரலாம். அடுத்த மூவில் செக்மேட் என்று மிரட்டும். அதற்கு அவரிடம் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நிமிஷத்துக்கு மேல் எதையும் யோசிக்காத நான் அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரா பண்ணிவிடு என்று மனசு சொல்கிறது. ஆனால் அதைச் சொல்வது செஸ் ஆடுகிற மனசா, டீச்சர் பெயர் வர வேண்டும் என்று துடிக்கிற மனசா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை பொய் ஆடியவனுக்கு அப்புறம் தன் மேலேயே நம்பிக்கை வராது. பழக்கமில்லாத யாரோ ஒருவன் எதிரே இருந்தால் என்ன ஆடியிருப்பேன் என்று என்னையே கேட்டேன். யானையைக் கொண்டுவந்திருப்பேன். சந்தேகமே இல்லை. மன்னிச்சிருங்க டீச்சர் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு யானையைக் கொண்டுவந்தேன்.

டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கடிகாரத்தில் அவருக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. பிறகு தன் ராணியை எடுத்து, என் யானை நின்ற கட்டத்தில் வைத்து, யானையை வெளியே எடுத்தார்.

ராணியையே கொடுத்துவிட்டார். நான் ராணியை எடுத்தேன், வேறு வழியில்லை. அவருடைய குதிரை ஒரு குதி குதித்து என் ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்து செக் வைத்தது; ராஜாவை நகர்த்தினேன், ராணி போனது. எல்லாம் கழிந்து போர்டைப் பார்த்தால் என்னிடம் அடிப்பதற்கு ஒரு காயும் இல்லை, அவரிடம் ஒரு குதிரை கூடுதல். முதலில் நான் தானம் கொடுத்த கணக்கு அப்படியே நின்றது.

நான் ஏன் அதைப் பார்க்கவில்லை தெரியுமா? இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட டீச்சர் ராணியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுப்பதெல்லாம் நாங்கள், வாங்குவதெல்லாம் அவர். அவர் கொடுப்பார் என்று என் மண்டைக்குள் ஏறவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் கட்டாயம் பார்த்திருப்பேன்.

இன்னும் பத்து மூவ் இழுத்துப் பார்த்தேன். பிறகு கையை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பிடித்தார், குலுக்கவில்லை. பிடித்துக்கொண்டே என் கண்ணுக்குள் பார்த்துக் கேட்டார்.

"நிஜமாவா, தம்பி?"

ஜெயித்ததைவிட அந்தப் பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

"நிஜமாவா?" நான் கத்திவிட்டேன். "டிரா கையில இருந்துச்சு டீச்சர்! கண்ணு முன்னாடி இருந்துச்சு! வேணாம்னு விட்டுட்டு யானையைக் கொண்டாந்து உங்க வாயில வச்சேன். ராணியைக் குடுப்பீங்கன்னு நான் கண்டேனா? எந்த ஊரு நியாயம் இது? ரெண்டு வருசமா ஒரு நாளாச்சும் குடுத்திருக்கீங்களா?"

நடுவர் ஓடிவந்தார். சுற்றி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "சார், வெளிய போயிப் பேசுங்க" என்று எங்களை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். ஒட்டன்சத்திரத்துத் தம்பி என் தோளைப் பிடித்து, "விடுங்கண்ணா, விடுங்க" என்கிறான். நான் அவனையும் உதறிவிட்டேன்.

"ஒழுங்கா செக் குடுத்துக்கிட்டே இருந்திருந்தா டிராவுல முடிஞ்சிருக்கும்! கால் மணி நேரம் உக்காந்து யோசிச்சுப் போட்ட மூவு! எனக்கு வயிறு பத்தி எரியுது டீச்சர். இன்னொரு ஆட்டம் ஆடணும். இப்பவே ஆடணும்!"

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்தார், பவுடர் எல்லாம் அழிந்துபோனது.

"போதும் தம்பி, நம்பிட்டேன். இம்புட்டுக் கோவம் பொய்யா வராது" என்றார்.

சின்னாளபட்டி அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயடிப் பக்கம் போய்விட்டார். டீச்சர் ஒரு கையால் மகளுக்குப் போன் போட்டு, "வந்துரும்மா, அம்மா பேரு வந்துரும், நெசமாவே ஜெயிச்சேன்டி" என்று அழுதுகொண்டே சொன்னார். இன்னொரு கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் அந்த யானையைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.